காளியப்பன் போட்ட சைக்கிள் நிப்பிள்

கொட்டாஞ்சேனைக் காளியப்பன், டாக்சிக்கார நிக்கலசுக்கு முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய் தரவேண்டியிருந்தது. கைமாற்றாக வாங்கியது இல்லை, சீட்டுப் பிடித்ததும் இல்லை. அப்படி ஒரு கடன் தனக்கு வரவேண்டி இருக்கிறது என்று நிக்கலசுக்கே தெரியாது. தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான், அவர் காளியப்பன். ஆறு மாதமாக அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒழுங்காகச் சோறு தின்னாததற்குக் காரணமும் அதுதான்.

காளியப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். பதின்மூன்று வயதில் தேயிலை லொறியின் பின்னால் ஏறிக் கொழும்புக்கு வந்து, மருதானையில் ஒரு கராஜில் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். இங்கிலீஷில் ஓர் எழுத்து வராது. ஆனால் பழைய இங்கிலீஷ்க் கார் எதையாவது கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். பழுப்பு வயர் பாட்டரியிலிருந்து நேரே வருவது, பச்சை பியூசைத் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட்டுக்குப் போவது என்று மளமளவென்று ஒப்பிப்பார். படித்த எஞ்சினியர்மார் படத்தை விரித்துவைத்து விரலால் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவர் வேலையை முடித்து, கையைக் கழுவி, வெற்றிலையும் போட்டிருப்பார். பொய் என்றால் கொட்டாஞ்சேனையில் யாரையும் கேட்கலாம்.

எழுபத்து மூன்று, எழுபத்து நான்காம் ஆண்டுகளில் கப்பலில் எதுவும் வரவில்லை. பாண் ரொட்டிக்கே வரிசை நின்ற காலத்தில் கார்ச் சாமானுக்கு யார் அழப்போகிறார்கள்? காளியப்பன்தான் அழவேண்டியிருந்தது. பழைய காரில் வயரோடு வயர் சேருகிற இடத்தில், நுனிக்கு நுனி தோட்டா மாதிரி ஒரு சின்னப் பித்தளை முனை இருக்கும். தொழிலில் அதற்குப் பெயர் புல்லட். இரண்டு பக்கத்துப் புல்லட்டும் ஒரு ரப்பர் உறைக்குள் போய் மாட்டும். உறைக்குள்ளே பிளந்த பித்தளைக் குழாய் ஒன்று இருந்து இரண்டையும் கவ்விப் பிடிக்கும். இருபது வருடம் ஓடிய காரில் முதலில் கெடுவது இந்த இடம்தான். அதிலும் வெள்ளவத்தைக் கார் என்றால் கேட்கவே வேண்டாம், கடற்காற்றுக்கு ஆறு மாதத்தில் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகிவிடும். புதுப் புல்லட் கேட்டால் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள், ஒளித்துவைத்திருந்த ஒருவரும் யானை விலை சொன்னார்.

காளியப்பன் மூளையைப் போட்டுக் கசக்கினார். ஒருநாள் சைக்கிள் கடைப் பக்கமாகப் போகும்போது, சக்கரக் கம்பியின் நுனியில் திருகுகிற நிப்பிள் கண்ணில் பட்டது. அதுவும் பித்தளைதான், நடுவில் துளையும் உண்டு. வயரைத் துளைக்குள் விட்டு ஈயம் வைத்தால் அச்சொட்டாகப் புல்லட். நூறு நிப்பிள் ஆறு ரூபாய். ஒரு மயிரளவு மெலிவு, அவ்வளவுதான் குறை. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது. உறையைக் குறட்டால் ஒரு நெரி நெரித்தால் இறுகிக்கொள்ளும்.

அந்த ஒரு வருடத்தில் முப்பத்தெட்டுக் காருக்கும் ஒரு டாக்சிக்கும் நிப்பிள் போட்டார். 'காளியப்பன் நிப்பிள்' என்று பெயரே விழுந்துவிட்டது. கறுவாத்தோட்டத்து டாக்டர் ஒருவர் காரை அனுப்பி, "அந்த நிப்பிள்காரரிட்டயே குடுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். காளியப்பன் இதை ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் சொன்னார். ஐந்தாவது ஆளாக மனைவி பழனியம்மா சிக்கினாள்.

"போதும், அந்த டாக்டர் வீட்டு நாய்க்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவள்.

அந்த ஒரு டாக்சிதான் நிக்கலஸ் ஓட்டியது. மொரிஸ் மைனர். சொந்தக்காரர் வெள்ளவத்தை வரதராசா; யாழ்ப்பாணத்தார், பென்ஷன் எடுத்த கிளாக்கர், கணக்கில் சதமும் தவறாத மனுஷன். நிக்கலஸ் கொட்டாஞ்சேனையான். மாதா கோவில் பின்தெருவில் வீடு. நாள் கூலிக்கு ஓட்டுகிறவன். வாய் ஓயாது, பாம் பாம் என்று கோனை அடிக்கிற கையும் ஓயாது.

எழுபத்து நான்கு நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் ஆறரை மணி, கொட்டுகிற மழை. பம்பலப்பிட்டியில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டபடி காலி வீதியில் வந்துகொண்டிருந்த நிக்கலசின் டாக்சி முன்பக்கமாகப் புகைந்தது. பொனட்டைத் திறந்தால் வயர்க்கட்டு முழுக்கத் தீ. பாட்டரி வயரை வெறுங்கையால் இழுத்துப் பிடுங்கிக் காரைக் காப்பாற்றினான். கார் தப்பியது. வலது உள்ளங்கைத் தோல் வயரோடு போனது.

திங்கட்கிழமை வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு காளியப்பன் பட்டறைக்கு வந்தார்கள். வரதராசா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நிக்கலஸ் கையில் துணி சுற்றியிருந்தது. காளியப்பன் குனிந்து கரியைக் கிளறினார். கிளறக் கிளற அவருக்கு வியர்த்தது. நெருப்பு கிரில்லுக்குப் பின்னால், நீல வயர் சேருகிற உறையில் பிறந்திருந்தது. ரப்பர் உருகி வழிந்து கல்லாகிக் கிடந்தது. உள்ளே கருகிப்போன நிப்பிள்.

அவருக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. சின்ன விளக்குக்கு நிப்பிள் தாங்கும். ஹெட்லைட்டுக்குப் போகிற கரண்ட் வேறு. பிடி தளர்ந்த இடத்தில் அவ்வளவு கரண்ட் பாய்ந்தால் அந்த இடம் சுடும். சுட்டால் பித்தளை இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சுடும். குறட்டால் நெரித்த நெரி எத்தனை நாளைக்கு நிற்கும்? இதைப் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனே யோசித்திருப்பான். காளியப்பன் யோசிக்கவில்லை.

"என்ன காணும், காரணம் என்ன?" என்றார் வரதராசா.

காளியப்பன் நிமிர்ந்தார். நிமிர்ந்த கண்ணில் பியூஸ் பெட்டி பட்டது. ஒரு பியூசைச் சுற்றி சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறக்குமுன்னே விரல் அங்கே நீண்டுவிட்டது.

"இதை யாரு சுத்தினது?"

நிக்கலசின் முகம் செத்துப்போனது. "நான்தான் அண்ணே. கோன் பியூஸ் போயிட்டு. வாங்கப் போனா ஒரு கடையிலயும் இல்ல. கோன் இல்லாம கொழும்புல டாக்சி ஓட்ட ஏலுமா?"

"அதுதான், ஐயா" என்றார் காளியப்பன். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்லவும் தேவைப்படவில்லை. கருகிய நிப்பிள் சட்டைப் பைக்குள் போனது.

புது வயரிங் போட முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய். வரதராசா அந்தப் பணத்தைக் காளியப்பன் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, நிக்கலஸ் பக்கம் திரும்பினார். "சனிக்குச் சனி, கிழமைக்குப் பதினைஞ்சு. இருபத்தைஞ்சு கிழமையில கழியும். அதுவரைக்கும் ஓட்டும். கழிஞ்ச அண்டைக்குக் கார்த் திறப்பை வைச்சிட்டுப் போம். பியூசுக்குத் தாள் சுத்திற ஆளிட்ட நான் கார் குடுக்கிறதில்லை."

இதில் ஒரு விஷயம் காளியப்பனுக்கு மட்டும்தான் தெரியும். மொரிஸ் மைனரில் ஹெட்லைட் வயர் பியூஸ் வழியாகப் போவதே இல்லை. பியூசில் வெள்ளித்தாளைச் சுற்றினாலும் சரி, இரும்பாணியை வைத்தாலும் சரி, நீல வயரை அது தொடாது. எரித்தது நிப்பிள். நிப்பிளைப் போட்ட கை, எரித்ததற்குக் கூலியும் வாங்கிவிட்டது.

அந்தக் காசில்தான் பட்டறை வாசலுக்குப் போர்டு வந்தது. 'காளியப்பன் ஆட்டோ எலெக்ட்ரிக் வேர்க்ஸ்', மஞ்சளில் சிவப்பு எழுத்து, ஓரத்தில் ஒரு மின்னல். பழனியம்மா தேங்காய் உடைத்தாள். காளியப்பன் அந்தப் போர்டுக்குக் கீழே குனிந்துகொண்டே போய்வந்தார். நல்ல உயரத்தில்தான் மாட்டியிருந்தது. ஆனாலும் குனிந்தார்.

அதற்குப் பிறகு அவர் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. முப்பத்தெட்டுக் கார் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றிலும் அவர் போட்ட நிப்பிள். வீதியில் ஓர் ஒஸ்டின் ஹெட்லைட்டோடு போனால், அது மறையும்வரை நின்று பார்ப்பார். எழுதிவைக்கத் தெரியாத மனுஷன், ஆனால் முப்பத்தெட்டையும் மனசில் வரிசையாக வைத்திருந்தார். காலையில் கொட்டாஞ்சேனை, மத்தியானம் தெஹிவளை, பின்னேரம் வெள்ளவத்தை என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "ஓசியில செக் பண்ணித் தாறேங்க" என்பார். ஹெட்லைட்டைப் போடச் சொல்லிப் பத்து நிமிடம் நிற்பார். பிறகு ஒவ்வோர் உறையாகக் கை வைத்துப் பார்ப்பார். சுட்டால் அங்கேயே நிப்பிளை வெட்டி எறிந்துவிட்டு அசல் புல்லட் போடுவார். சுடாவிட்டாலும் போடுவார்.

"என்ன காளியப்பன், உமக்குப் பைத்தியமா? நல்லா எரியிற லைட்டை ஏன் நோண்டுறீர்?" என்று தெஹிவளையில் ஒருவர் கேட்டார்.

"நல்லா எரியிதுன்னுதாங்க பயமா இருக்கு" என்றார் இவர்.

அசல் புல்லட்டுக்குப் பஞ்சிகாவத்தையில் கார்ச் சாமான் கடை வைத்திருந்த புவாத் நானாவிடம்தான் போகவேண்டும். கப்பல் நிற்பதற்கு முந்திய சாமான் பிஸ்கட் தகரம் ஒன்றில் அவரிடம் இருந்தது. மனசு வந்தால் திறப்பார். ஒரு புல்லட் ஒன்றரை ரூபாய்.

"வா காளி. ஊருக்கெல்லாம் நிப்பிளப் போட்டு, புல்லட் விக்கிற என்ட வயித்தில அடிச்சவன்தானே நீ. இப்ப என்னத்துக்கு அசல் தேடுற?"

"நானா, தகரத்தைக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளுங்க."

காளியப்பன் பொறுக்குவதைப் பார்க்கவே புவாத் நானா கல்லாவை விட்டு எழும்பி வருவார். சும்மா அள்ளிக்கொண்டு போகிற ஆள் இல்லை. பதினாலு இழை வயருக்கு ஒரு துளை, இருபத்தெட்டு இழை வயருக்குப் பெரிய துளை; இரண்டையும் வேறாக்குவார். பச்சை படர்ந்ததை ஒதுக்குவார். மீதியை ஒவ்வொன்றாக உறைக்குள் தள்ளுவார். 'டிக்' என்று உட்காரவேண்டும். பிறகு இரண்டு விரலால் இழுப்பார். விரல் நோகாமல் வெளியே வந்தால் அந்தப் புல்லட் தகரத்துக்கே திரும்பிப் போகும். ஈயம் வைக்க வாங்குவதும் ரொசின் பிசின்தான். தகர வேலைக்காரர் பூசுகிற திராவகத்தைத் தொடமாட்டார், அது உள்ளே இருந்து வயரைத் தின்னும். இப்படித் தெரிவுசெய்ய இலங்கையில் இன்னோர் ஆள் உண்டா? கிடையாது. நிப்பிளைப் போட்ட நாளில் மட்டும் இந்த இரண்டு விரல் எங்கே போயிருந்தது?

"வெள்ளித்தாள் நிக்கலஸ்ட கதயால எனக்கு நல்ல யாவாரம், காளி" என்றார் புவாத் நானா. "டாக்சிக்காரன் எல்லாம் பயந்து பியூஸ் வாங்க வாறான். பழசத்தான் குடுக்கிறேன், அதுக்கும் வரிசை."

காளியப்பன் சில்லறையை வாங்க மறந்து இறங்கிவிட்டார்.

வெள்ளித்தாள் நிக்கலஸ். கொட்டாஞ்சேனை டாக்சி நிற்கிற இடத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிகரெட் பெட்டி முடிந்தால் ஒருத்தன் தாளை உருவி, "மச்சான், உனக்குப் பியூஸ்" என்று நீட்டுவான். நிக்கலசும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் வேறு சொந்தக்காரர் ஒருவரும் அவனுக்குக் கார் கொடுக்கத் தயாரில்லை. மே மாதம் பிறந்தது. இருபத்துநாலு கிழமை கழிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, கோவில் முன்னால் காளியப்பனை அவன் மறித்தான்.

"அண்ணே, நாளைக்குக் கடைசிப் பதினைஞ்சு. திறப்பையும் குடுக்கணும். வேற டிரைவர் பார்த்திட்டாராம். உங்கட பட்டறையில பாட்டரி தூக்கிற வேலையாவது ஏதும் இருக்குமா?"

"நீயா? டாக்சிக்காரன் பாட்டரி தூக்குறதா?"

"என்ன செய்ய அண்ணே. செய்த பிழைதானே. பங்குச்சாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லிட்டேன். ஒரு தாளால ஒரு காரையே எரிச்சனான் எண்டு. சாமி மூண்டு செபமாலை சொல்லச் சொன்னவர். சொல்லிட்டேன். ஆனா சாமி மன்னிச்சாலும் வரதராசா ஐயா மன்னிக்கிறாரில்ல."

அவன் சிரித்தான். காளியப்பனுக்கு நெஞ்சுக்குள் யாரோ குறட்டால் நெரித்த மாதிரி இருந்தது. ஒரு கிளாக்கரிடம் பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். இவன் செய்யாத பாவத்தைத் தன் சாமியிடமே போய் ஒப்புக்கொண்டிருக்கிறான். அதை ஒப்புக்கொள்ள வைத்தது இவருடைய விரல்.

அன்றைக்கே, பார்த்துப் பார்த்துத் திருத்தி விலைக்கு வைத்திருந்த டைனமோவை எடுத்துத் துடைத்து, கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு விற்றார். நானூறு ரூபாய். பழனியம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப எதுக்குக் காசு?"

"போர்டுக்கு."

"போர்டுக்குத்தான் அப்பவே குடுத்தாச்சே?"

"குடுக்கல" என்றார். அவள் வாசல் போர்டுப் பக்கம் பார்த்தாள். காசை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் வரதராசாவின் வீடு. வாசலில் டாக்சி. முன் விறாந்தை மேசையில் நிக்கலஸ் பதினைந்து ரூபாயை வைத்தான். பக்கத்தில் திறப்பை வைத்தான். வரதராசா கணக்குக் கொப்பியில் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது வாசல் கேற் திறந்தது.

"என்ன காளியப்பன், இந்தப் பக்கம்?"

"ஐயா, கோடு இழுக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தத் திறப்பைக் குடுங்க. கொஞ்சம் வெளியில வாங்க."

அவர் குரலில் இருந்த அதிகாரத்துக்கு வரதராசா எழும்பியே விட்டார். காளியப்பன் காரில் திறப்பைப் போட்டு, பொனட்டைத் தூக்கினார்.

"நிக்கலசு, பியூஸ் ரெண்டையும் நீயே கழட்டு. கழட்டி ஐயா கையில குடு."

நிக்கலஸ் விளங்காமல் கழற்றினான். இரண்டு கண்ணாடிக் குழாயும் வரதராசாவின் உள்ளங்கைக்குப் போயின.

"இப்பக் கோனை அடி."

அடித்தான். சத்தமே இல்லை.

"ஹெட்லைட்டைப் போடு."

போட்டான். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. பகல் வெளிச்சத்தில் நம்பாமல் வரதராசா குனிந்து, கையை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். விரலெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. மற்றக் கையைத் திறந்து பியூசையும் பார்த்தார்.

"இதென்ன காணும்? பியூஸ் என்ர கையிலயல்லோ கிடக்கு."

"நீல வயர் பியூசால போறதில்லீங்க. எந்தக் காலத்திலயும் போனதில்ல. தாள் சுத்தினது கோனுக்கு. அதால தீப்பிடிச்சிருந்தா முதல்ல கோன் வயர்தான் எரிஞ்சிருக்கணும். எரிஞ்சது நீலம்." சட்டைப் பையிலிருந்து கருகிய நிப்பிளை எடுத்துப் பொனட் விளிம்பில் வைத்தார். "எரிச்சது இது. இதைப் போட்டவன் நான்."

வரதராசா கையிலிருந்த பியூஸ் இரண்டையும் நிப்பிளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று வரதராசா கேட்டார்.

"கொழும்பில இந்த வயரிங் தெரிஞ்சவன் இன்னொருத்தன் இருந்திருந்தா அவன் சொல்லியிருப்பான். எனக்கு மேல ஆளில்லாததுனால தப்பிச்சுக்கிட்டேன். நான் செஞ்ச பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்கும் நான்தான் வரவேண்டியிருக்கு, பாருங்க."

"பெருமை பேசிற நேரமா இது?"

"பெருமை இல்லீங்க. நெசம்."

வரதராசா நிப்பிளைத் தொட்டுப் பார்த்தார், விரலில் கரி ஒட்டியது. "நீர் கெட்டிக்காரன்தான், காணும். ஆனா வெக்கங்கெட்ட கெட்டிக்காரன்." பிறகு நிக்கலஸ் பக்கம் பார்த்தார். பார்வை நிலைக்கவில்லை. "திறப்பை எடும். திங்கட்கிழமை வழமைபோல ஓட்டும். வாறவனுக்கு நான் வேற பதில் சொல்லுறன்."

நிக்கலஸ் திறப்பை எடுக்கவில்லை. காளியப்பனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நான் சாமியிட்டச் சொன்னனான் அண்ணே. பாவமெண்டு."

"போய் வாபஸ் வாங்கு."

"பாவத்தை வாபஸ் வாங்க ஏலாது."

"அப்ப அந்த மூணு செபமாலையையும் என் பேர்ல எழுதிக்கச் சொல்லு. எனக்கு அதெல்லாம் சொல்லவும் தெரியாது."

நிக்கலஸ் சிரிக்காமல் இருக்கப் பார்த்தான். மூக்கு மட்டும் சிரித்தது. ஆனாலும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஆறு மாசம் அண்ணே. வெள்ளித்தாள், வெள்ளித்தாள் எண்டு. என்ட மகன்ட பள்ளிக்கூடத்திலயும்."

"நாளைக்கு டாக்சி நிக்கிற இடத்துக்கு வாறேன். இதே மாதிரி ரெண்டு பியூசையும் கழட்டிக் காட்டுறேன். அவனுங்க என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறானுங்களோ கூப்பிடட்டும். இப்பக் கையை நீட்டு."

"வேணாம்."

"நீட்டுடா. நிக்க முடியல எனக்கு. ஆறு மாசமா நிக்க முடியல."

நிக்கலஸ் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக வலது கையை முன்னால் கொண்டுவந்து விரித்தான். உள்ளங்கை நடுவில் வயர் பதிந்த தழும்பு, பளபளவென்று இளஞ்சிவப்பாக, ஒரு விரல் நீளம். காளியப்பன் துணி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். நூறு ரூபாய்த் தாளாகக் கொண்டுவரவில்லை. வங்கியில் மாற்றி, பத்தும் ஐந்துமாகக் கொண்டுவந்திருந்தார். போன மாதிரியே வரவேண்டும் அல்லவா? ஒரு பத்து, ஒரு ஐந்து. அது ஒரு கிழமை. அதன் மேல் ஒரு பத்து, ஒரு ஐந்து. ஒவ்வொரு கிழமையையும் வாய்விட்டுச் சொல்லித் தழும்பின் மேல் வைத்தார். கடற்காற்றுக்குத் தாள் பறக்காமல் நிக்கலஸ் பெருவிரலால் அமர்த்திக்கொண்டான். பதினெட்டாம் கிழமையில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டன, விரலை நனைத்துப் பிரித்தார். இருபத்துமூன்று. இருபத்துநாலு. கடைசிப் பத்தை வைத்தார், அதன்மேல் கடைசி ஐந்தையும் வைத்தார்.

"இருபத்தைஞ்சு" என்றான் நிக்கலஸ், விரல்களை மடக்கி.